எடுத்த இடம் எழுதாத பாட்டில்

எதை எடுத்தாலும் நாள், நேரம் குறித்து வைக்கிறவன் நான். அந்தப் பழக்கத்தால் ஒரு புற்றுநோய்ச் சிகிச்சையையே ஒரு வாரம் நிறுத்தியிருக்கிறேன்.

என் மனைவி செல்விக்கு மார்பில் கட்டி. மூன்றாவது முறை மருந்து ஏற்ற வேண்டிய செவ்வாய்க்கிழமை அது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க டயாட்டம் என்னும் நுண்பாசியைப் பற்றிப் படித்திருந்தேன். கண்ணாடி போன்ற ஓடு, ஓடெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதைப் பார்த்து நுண்துளைப் பொருள்கள் செய்து, துளைக்குள் மருந்தை அடைத்துக் கட்டிக்கே நேராக அனுப்பப் பார்க்கிறார்களாம். 'இன்னும் ஆய்வு நிலையில்தான்' என்ற கடைசி வரிக்கும் அடிக்கோடிட்டிருந்தேன். (அந்த வரியை நம்பத்தான் மனம் வரவில்லை.)

காலை 6.40க்குத் திருக்கோகர்ணத்துக் குளமொன்றில் பழுப்புநிறப் பாசித் தண்ணீரைச் சிறு பாட்டிலில் பிடித்தேன், டாக்டரிடம் காட்ட. யாருக்காகப் பிடித்தேனோ அவள் பெயரை ஒட்டினேன்: செல்வி, வயது 54, செவ்வாய், 6.40. எடுத்த இடத்தை மட்டும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் என் குறிப்புகளைத் தேடுவதற்காகப் பாட்டிலை மேசையில் வைத்தேன். செல்வி தன் சிறுநீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தாள். அதில் பெயரில்லை. பெயரில்லாதது குப்பைக்குப் போனது. பெயருள்ளது பரிசோதனைக்குப் போனது.

பத்தரைக்கு டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"யூரின்ல என்னென்னமோ ஊருதுன்னு லேப்ல சொல்றாங்க. இன்ஃபெக்‌ஷன்னா இன்னைக்கு மருந்து ஏத்த முடியாதும்மா."

செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குள்ள இன்னும் என்னதான் டாக்டர் இருக்கு?"

"கண்ணாடி ஓடு மாதிரி இருக்காம்."

அது நான் பிடித்த குளத்துத் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டேன். இயற்கையைப் பார்த்துச் செய்த நுண்துளைப் பொருள் என்று விளக்கவும் தொடங்கினேன்.

"ஐயா, நீங்க கொஞ்சம் அங்கிட்டு வெளிய உக்காருங்க."

மறுபரிசோதனை முடிவதற்குள் அன்றைய முறை கைவிட்டுப் போனது. அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள். ஏழு நாள். அந்த ஏழு நாளும் கட்டி வளர்ந்துவிடுமோ என்று இரவும் பகலும் செத்தேன். நாட்குறிப்பில் அந்தப் பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. அன்று பஸ்ஸை விட்டு இறங்கியபின் அவள் வீட்டு வாசலில்தான் சொன்னாள்: "கொளத்துக்கு ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சான்னு கேளுங்க."

சிகிச்சை ஒருவழியாக முடிந்தது. இந்த ஆண்டு நோய் திரும்பி வந்துவிட்டது, இப்போது நுரையீரலில். டாக்டர் அதிகம் பேசுவதில்லை. நானும் கட்டுரை படிப்பதில்லை.

இப்போது ஒவ்வொரு பரிசோதனைக்கும் செல்வி தன் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் வைக்கிறாள். பெயர், வயது, கிழமை, நேரம் எழுதுகிறேன்.

"எடுத்த எடம், செல்வின்னு போடுங்க. இன்னும் இங்கிட்டுத்தான் இருக்கேன்."

எழுதிக்கொள்கிறேன்.