சிவப்பு ரிப்பன் கட்டிய வேலி

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

தாங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டைக் காவல் காக்கும் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மோட்டார், பூனை, நான் மூவரும் நலம். வேலியைப் பற்றிக் கீழே வருகிறது, உட்கார்ந்தே படிக்கவும். போனில் சொன்னால் முதல் வரியிலேயே வைத்துவிடுவீர்கள் என்பதால்தான் பேனா எடுத்தேன்.

முள் மூடிப்போன ஒற்றையடிப் பாதைகளை ஞாயிறுதோறும் வெட்டித் திறக்கிற தன்னார்வலர் குழுவின் வீடியோ ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. தலைவி பாதை அக்கா அரிவாள் வீசுற ஸ்டைலுக்கு நான் வெறித்தனமான ரசிகை. அவங்களே நம்ம வேலிக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்குப் போற பழைய பாதையைத் திறக்க வர்றாங்கன்னா நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீட்டு டெய்லர், அதாவது நீங்க ஏழு வருஷமா பேசாத டெய்லர், அவர் வீட்டம்மா முட்டி வலியோட நாற்பது நிமிஷம் சுத்திப் போறாங்க. இதுல போனா எட்டே நிமிஷம். பாதையில பாதி உங்க நிலம், பெரியப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்னு நானே வாக்குக் கொடுத்தேன். அக்கா சிரிச்சாங்க.

வேலை ஆரம்பிக்கும்போது அக்கா ரிப்பன் விஷயத்தை விளக்கியிருக்காங்க. நான் அப்போ வீடியோ எடுக்க மரத்துல போனைக் கட்டிட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா நம்ம வேலிச் செடியெல்லாம் சிவப்பு ரிப்பன். எனக்குத் தெரிஞ்சு சிவப்புன்னா டெலீட். நாற்பது அடி வெட்டினதுக்கு அப்புறம் அக்கா வந்தாங்க.

“பாப்பா, சிவப்பு கட்டினது தொடக் கூடாதது. எல்லாத்தையுமா வெட்டினே?”

“ஒண்ணு பாக்கி இருக்குக்கா.”

அந்த ஒண்ணுதான் பெரியப்பா இப்போ உங்க வேலி. காலையில நான் பல் தேய்க்கிற இடமும் டெய்லர் பல் தேய்க்கிற இடமும் நேருக்கு நேர். நடக்க வந்த ஒருத்தர் இதுதான் பாதைன்னு நம்ம சமையல்கட்டு வரைக்கும் வந்து, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னு கேட்டார். மறைப்புக்குப் போர்வையைக் கட்டினேன், காத்து அதைத் தூக்கி டெய்லர் முற்றத்துல போட்டுது. அவர் இஸ்திரி போட்டு, கிழிஞ்ச ஓரத்தையும் தைச்சு, ஒரு வார்த்தை பேசாம நீட்டினார்.

சனிக்கிழமை வந்து என்னை என்ன வேணா திட்டுங்க. நீங்க ஒரு வார்த்தை எதிர்த்தா பாதையைத் திரும்ப அடைச்சுடுவாங்களாம், அதை மட்டும் சொல்லிடாதீங்க. டெய்லர் வீட்டம்மா நேத்துதான் முதல் தடவையா தனியா ஆஸ்பத்திரி போயிட்டு வந்தாங்க.

தங்கள் ரத்த அழுத்தம் சீராக இருக்கவும், கோபம் பஸ்ஸிலேயே இறங்கிவிடவும் வேண்டும்,
(இன்னமும்) தங்கள் அன்பு மகள்.

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள அக்கா வந்துட்டாங்க. பாதையைத் திறக்கச் சொல்லிக் குழுவுக்குப் போன் பண்ணினதே நீங்கதானாமே. அந்தம்மா நொண்டி நொண்டி நடக்கிறதைப் பார்க்க முடியலைன்னு சொன்னீங்களாம். சந்தோஷத்துல உடனே இதைப் பாதைக் குழுவோட வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன். டெய்லருக்கு மட்டும் தெரியவே கூடாதுங்கிறது உங்க நிபந்தனைன்னு அக்கா அதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க. அவரும் அந்த குரூப்புல இருக்கார். நீல டிக் விழுந்துடுச்சு. இப்போ வேலி இருந்த இடத்துல வந்து நின்னு, நீங்க எந்த பஸ்ல வர்றீங்கன்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?