துண்டு அண்ணன் பிடித்து வைத்த இடம்

செத்துப்போன மனைவிக்கு மாநகரப் பேருந்தில் டிக்கெட் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் பெரும்பாக்கத்தில் ஏறி தாம்பரத்தில் இறங்குகிறவரை அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதன்மேல் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு துண்டு கிடக்கும். கூட்டம் கம்பியில் தொங்கினாலும் அதில் யாரையும் உட்கார விடமாட்டார்.

"தாம்பரம் ஒண்ணு. லேடீஸ் ஒண்ணு."

நடத்துனர் துண்டைப் பார்த்தார். "லேடீஸ் எங்கய்யா?"

"குந்தினு கீறா, தெர்ல?"

"துண்டுதான்யா இருக்கு."

"லேடீஸுக்கு ஃப்ரீதானே? உன் பாக்கெட்லேர்ந்தா போவுது? கிழிச்சுக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு."

நடத்துனர் கிழித்துக் கொடுத்தார். இலவச டிக்கெட்டுக்கு யார் சண்டை போடுவது? அண்ணன் அதைத் துண்டின் மடிப்பில் பத்திரமாகச் சொருகினார். நான் அந்த இருக்கைக்குப் பக்கத்திலேயே தாம்பரம் வரை நின்றுகொண்டு போனேன்.

ஊரில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. 'துண்டு' என்றால் தெரியும். வயதில் சின்னவர்களுக்குத் துண்டு அண்ணன்.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்குப் பிறகு லாரி, பரோட்டாக் கடை, கல் உடைக்கிற இடம் என்று ஊர் ஊராகச் சுற்றி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புப் பட்டறையில் வந்து ஒதுங்கினேன். வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரைக்கு அடியில் வேகாமல் இருப்பதற்காகத்தான் முதலில் கால்பந்து பார்க்கப் போனேன். பந்தின் மேல் எனக்கு அப்போது எந்த அக்கறையும் இல்லை. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி ஒரு மைதானம் இருந்தது, அதில் காற்று வந்தது, அவ்வளவுதான்.

அங்கே ஆடிய கிளப்பின் பெயர் ஏரிக்கரை பாய்ஸ். சட்டையில் ஒரு கெளுத்தி மீன் மீசையோடு இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சிமென்ட் படிகள் கட்டிய கேலரி. தாமதமாக வருகிறவனுக்கு யாராவது துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். வழக்கமாக வருகிறவர்களில் ஒருவர் இறந்துபோனால், அந்த சீசன் முடிகிறவரை அவர் இடத்தில் அவருடைய துண்டு கிடக்கும். கடைசி ஆட்டம் முடிந்ததும் அதை எடுத்து மடித்து வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. யாரும் மீறினதில்லை.

மீறினவர் அண்ணன்தான்.

அவர் மனைவி சரோஜாக்கா மீன் வியாபாரம் செய்தவர். கூடைக்குச் சும்மாடு கட்டுகிற துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மைதானத்துக்கு வருவார். ஆட்டம் தொடங்கியதும் நடுவரைத் திட்ட ஆரம்பித்தால், விசில் சத்தத்தைவிட அவர் சத்தம் ஏரியின் எதிர்க்கரையில் தெளிவாகக் கேட்கும். நடுவரின் கண், நடுவரின் தகப்பன், நடுவர் காலையில் தின்றது எல்லாம் அதில் வரும். இடைவேளையில் அதே வாயால் என்னைப் பார்த்து, "சாப்ட்டியாடா? மூஞ்சி ஏன் சுண்டிக் கீது?" என்று கேட்டு வறுத்த மீன் ஒரு துண்டம் கொடுப்பார்.

அவர்களுடைய பழைய வீடு சிட்டிக்குள் ஆற்றோரத்தில் இருந்தது. அதை இடித்துவிட்டு அரசாங்கம் பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "மேல குந்தினு யாரைத் திட்றது? கீழ போறவன் தலைதான் தெர்து" என்பார். ஒருநாள் மதியம் அந்த வீட்டிலேயே மூச்சு முட்டி, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

கேலரியில் துண்டு விழுந்தது. சீசன் முடிந்தது. டிரம் அடிக்கிற பெருமாள்தான் கேலரிக்குப் பெரியவர் மாதிரி. அவர் துண்டை எடுக்கக் குனிந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எட்த்துனு போய் இன்னா பண்றது? அந்த வூட்ல அவ இல்லப்பா. நல்லாத் தேடிப் பாத்துட்டேன். இங்கதான் கீறா."

பெருமாள் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அன்றிலிருந்து அவர் பெயர் துண்டு.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சுடுகாட்டுக் கொட்டகையில்கூடப் படுத்திருக்கிறேன், மழைக்கு நல்ல இடம். ஆனால் ஒரு சித்திரை மாதத்து ஆட்டத்தில், கோல் விழுந்த குதிப்பில் இடம் மாறி, அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கேலரி முழுக்க சிமென்ட் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் ஈரத்துணி மாதிரிச் சில்லென்று இருந்தது. மீன் வாசனை வேறு.

"ஏந்திரு" என்றார் அண்ணன், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ மடில குந்தினு கீற."

நான் எழுந்த வேகத்தில் இரண்டு படி கீழே போய் விழுந்தேன்.

அதற்குச் சில வாரம் கழித்து, இடைவேளையில் நடுவர் வேலி ஓரம் வந்தார். ரயில்வேயில் வேலை பார்க்கிற மனிதர், மரியாதையானவர், பல வருடமாக எங்கள் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவர்.

"சார், உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. என்னைத் திட்டட்டும், பழகிடுச்சு. என் பொண்ணு ஸ்கூல் படிக்கிறா. அவளை எதுக்கு இழுக்கணும்?"

"எப்ப திட்னா?" என்றார் அண்ணன், ரொம்ப ஆவலாக.

"இப்பதான் சார். கார்னர் குடுக்கலைன்னு."

பெருமாள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சார், அவங்க போன வருசமே பூட்டாங்க."

நடுவர் துண்டைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி பார்த்தார். இரண்டாம் பாதியில் பந்து எந்தப் பக்கம் வெளியே போனாலும் எங்களுக்கே கார்னர் கொடுத்தார். ஏரிக்குள் போன பந்துக்குக்கூடக் கொடுத்தார்.

இப்படி நாங்கள் நிம்மதியாக இருந்தபோதுதான் அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனி கிளப்பை வாங்கியது. முதல் வாரமே பெயரை மாற்றினார்கள். மெட்ரோ டால்ஃபின்ஸ். சட்டையில் கெளுத்தி போய், பல் தெரியச் சிரிக்கிற டால்ஃபின் வந்தது. எங்கள் பழுப்பு நிறம் தொலைக்காட்சியில் எடுபடாது என்று ஊதா நிறமாக்கினார்கள். டிரம் கூடாது, அதற்குப் பதில் ஒலிபெருக்கியில் கைதட்டல் போட்டார்கள். கேமராவுக்குத் தோதாக ஆட்டத்தை மொட்டை வெயிலுக்கு மாற்றினார்கள். பயிற்சியாளரை ஆட்டத்தின் நடுவிலேயே நீக்கிய செய்தியை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கைபேசியில் படித்துக் காட்டித்தான் அந்த மனிதர் தெரிந்துகொண்டார்.

ரசிகர்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் இளைஞர் கம்பெனி சார்பில் பேசினார். எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்.

"சார், நீங்கதான் எங்களோட வேல்யூட் கஸ்டமர்ஸ்."

"கஸ்டமரா?" என்றார் அண்ணன். "நான் இன்னா சோப்பு வாங்கவா வந்தேன்? ஏரில ஏதுப்பா டால்ஃபின்? கெளுத்திக்கு மீசை கீது. இதுக்கு இன்னா கீது?"

"அது ஃப்ரெண்ட்லியா இருக்கு சார். குழந்தைங்களுக்குப் பிடிக்கும்."

"நாங்க இன்னா ஃப்ரெண்ட்ஷிப்புக்கா வந்துகினு கீறோம்? சரி, அத்த வுடு. கேலரிய இட்ச்சு சேர் போடப் போறியாமே, எங்க வூட்டுப் பொம்பளை எங்க குந்துவா?"

"அவங்களுக்கும் ஒரு சீட் புக் பண்ணிடலாம் சார். ஆப்ல போட்டா போதும்."

பாவம், அந்த இளைஞர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

செயலியில் இருக்கை பிடிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கைபேசி எண் வேண்டும். அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அண்ணன் அக்காவின் பழைய எண்ணைப் போட்டார். அது இதற்குள் விழுப்புரத்தில் யாரோ ஒரு பெண்ணிடம் போயிருந்தது. அண்ணன் அவளைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நம்பர் ஒண்ணு வந்துகீதாம்மா?"

"வந்துது. நீங்க யாரு?"

"அது என் சம்சாரம் நம்பர். அவ தவறிட்டா. அவளுக்குச் சீட்டு போடணும், அந்த நம்பரைக் கொஞ்சம் சொல்லு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. சரியான பெண், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவளே கூப்பிட்டாள். எண்ணைச் சொன்னாள். சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அண்ணா, இந்த வாரம் ரெஃப்ரி யாரு?" என்றாள்.

"எதுக்கும்மா கேக்குற?"

"தெரியலண்ணா. எனக்கு அது என்னன்னே தெரியாது. கேக்கணும்னு வாய்ல வந்துது."

புதிய நாற்காலிகளுக்கு இரும்புச் சட்டம் அடித்தது எங்கள் பட்டறைதான். நானே போய்ப் பொருத்தினேன். ஆள் எழுந்தால் ஸ்பிரிங் இழுத்துத் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலி. ஆட்டம் இல்லாத நாளில் பார்த்தால் எல்லாம் வரிசையாக மடங்கி நிற்கும். ஒன்று மட்டும் விரிந்திருக்கும். அதன்மேல் துண்டு கிடக்கும்.

ஸ்பிரிங்கை மாற்றினேன். எண்ணெய் விட்டேன். துண்டின் கனத்துக்கு நாற்காலி கீழே நிற்காது என்பது எனக்குத் தெரியும், நான் செய்த சாமான். கையால் தூக்கிப் பார்த்தேன். ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத் தூக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. அட்டை மாட்டிய இளைஞர் வந்து, "கேமராவுல அது ஒண்ணு மட்டும் அசிங்கமா தெரியுது, சரி பண்ணுங்க" என்றார். "பண்றேன் சார்" என்றேன். பண்ணவில்லை.

இரண்டாவது வருடமே கம்பெனி கிளப்பை விற்றது. வேறு மாநிலத்தில் யாரோ பெரிய ஸ்டேடியம் கட்டி வைத்திருந்தார்களாம், அதற்கு ஒரு டீம் தேவைப்பட்டதாம். ஏரிக்கரையில் அடுக்குமாடி வரும். ரசிகர்களுக்குக் கைபேசியில் செய்தி வந்தது. கீழே அந்த டால்ஃபின் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது.

செய்தி அக்காவின் எண்ணுக்கும் போயிருக்கிறது. விழுப்புரத்துப் பெண் கூப்பிட்டாள். "அண்ணா, கிரவுண்ட எடுக்குறாங்களாமே. காலையிலேர்ந்து எனக்கு அழுகையா வருது. நான் அந்த ஊருக்கு வந்ததுகூட இல்ல."

அண்ணன் அன்று முதல் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மற்றவர்களுக்கு ஒரு டீம் போயிற்று. பெருமாள் டிரம்மைக் கல்யாண ஊர்வலத்துக்கு அடித்துக்கொள்ளலாம். நான் வேறு நிழல் தேடிக்கொள்வேன். அண்ணனுக்கு அப்படி இல்லை. மைதானம் போனால் அக்கா இருக்கிற ஒரே இடமும் போய்விடும்.

நாற்காலிகளைக் கழற்றுகிற வேலையும் எங்கள் பட்டறைக்கே வந்தது. காலையில் ஆரம்பித்தோம். மடக்கி, கழற்றி, லாரியில் அடுக்க வேண்டும். எல்லாம் போய், நடுவில் அது ஒன்று மட்டும் விரிந்தபடி நின்றது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம். அசையவில்லை. ஏரிப்பக்கம் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. "கட்டரை வெச்சு அறுத்துடு, லாரிக்கு டைம் ஆச்சு" என்றார் அட்டை மாட்டிய இளைஞர்.

"அறுக்காத" என்று ஒரு குரல் கேட்டது. அண்ணன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "நான் பேசறேன்."

நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சரோ. மேட்சு முட்ஞ்சிச்சு. கெளுத்திய வித்தானுங்க. டால்ஃபினையும் வித்துட்டானுங்க. இனிமே இங்க யாரும் ஆட வரமாட்டான், நீ யாரைத் திட்டுவ? எந்திரி, வூட்டுக்குப் போலாம்."

நாற்காலி அப்படியே இருந்தது.

"அது நம்ம வூடு இல்லன்னு சொல்லுவ. தெரியும். எனக்கும்தான் புடிக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தனியாக் கீறேன் சரோ. வந்துடு."

நான் கட்டரைக் கீழே வைத்தேன். இளைஞர்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். பிறகு, அலுத்துக்கொண்டு எழுந்திருக்கிற ஆள் மாதிரி ஒரு முனகல் கேட்டது. அது ஸ்பிரிங்காக இருக்கலாம். நாற்காலி படீரென்று மடங்கியது. துண்டு சரிந்து அண்ணன் மடியில் விழுந்தது.

"ஸ்பிரிங் சரியாயிடுச்சா?" என்றார் இளைஞர் மெதுவாக.

"ஆச்சு சார்" என்றேன்.

ஒரு இடத்தில் வேலை முடிந்தால் சொல்லாமல் கிளம்புகிறவன் நான். எத்தனையோ ஊரை அப்படி விட்டு வந்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கால் தானாகப் பெரும்பாக்கத்துக்குப் போயிற்று. அண்ணன் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து டால்ஃபின்ஸ் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றவர்தான்.

"தோக்குறானுங்களான்னு பாக்க வேணாமா?" என்றார். தோற்றுக்கொண்டிருந்தார்கள். முகம் மலர்ந்திருந்தது.

டீ மூன்று டம்ளரில் வந்தது. ஆட்டம் முடிந்ததும் கழுவுவதற்காக எடுத்தேன். மூன்றும் காலி. அவரே இரண்டு குடித்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். அந்த வீட்டில் நாற்காலி இரண்டுதான். நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.