அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை தேவை

மரியாதைக்குரிய மூத்தவர், அண்ணன் ரங்ஜெங் மராக் அவர்களுக்கு, போல்சால்கிரேயிலிருந்து தம்பி தோஜிங் கும்பிட்டு எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்திருக்க வேண்டும், மிளகாய்ச் செடி நன்றாகக் காய்த்திருக்க வேண்டும், இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்காதே. இங்கே தகராறே அதுதான்.

நம் தாய்மாமன் செத்ததும், அவர் மகள் தில்மேயைக் கட்டியிருந்த நான், நம் மலை முறைப்படி அவர் பெண்டாட்டியான அத்தைக்கும் புருஷனாக உட்கார்ந்தது உனக்குத் தெரியும். உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அத்தை எனக்குச் சோறு போட்டாள், நான் அவள் காட்டை வெட்டினேன், அம்மாவும் மகளும் முறை வைத்து என்னைத் திட்டினார்கள். எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. போன மழைக்குக் கருங்காய்ச்சல் வந்து அத்தையின் கடைக்குட்டி எஸ்தரைக் கொண்டுபோயிற்று. சபைப் பள்ளியில் படித்து, ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை, பதினாலு வயசு. சபைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அத்தை போதகரைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு பல்பாக்ரம் மலைக்கு வந்து சேந்துருவாளா? செத்தவங்க எல்லாரும் அங்கதான போறாங்க?"

"இல்லம்மா. அவ பரலோகம் போயிட்டா. அது வேற வழி."

"அப்ப நான் செத்தா அவளப் பாக்க முடியாதா?"

போதகர் நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "எனக்கும் அந்தத் தண்ணில முங்கணும்" என்றாள். அதற்குள் அவளுக்கும் காய்ச்சல் கண்டு வயிறு வீங்கிவிட்டது. அடுத்த மழையைப் பார்க்க மாட்டாள், அண்ணா.

போதகர் சந்தோஷமாக வந்து, "ஒருத்தனுக்கு ஒருத்திதான். இதுல எவளத் தள்ளப்போற?" என்று என்னைக் கேட்டார். தில்மேயிடம் போனேன். "யோவ், என்னத் தள்ளிப் பாரு, தோல உரிச்சு மூங்கில்ல கட்டிருவேன்" என்றாள். அத்தையிடம் போனேன். "என்னத் தள்ளு. ஆனா வீடு என்னுதுடா. அப்ப நீதான் வெளிய போவணும்" என்றாள். சரி என்று அவள் கூட்டத்துப் பெரியவர்களிடம் போனால் அவர்கள் ஒரேயடியாகக் குதிக்கிறார்கள். "உங்க கூட்டத்து ஆள எடுத்துக்கிட்டா, பதிலுக்கு இன்னொரு ஆளக் குடு. பொம்பளய அந்தரத்துல விட்டுட்டுப் போறியா?" எனக்கு வாயில் முதலில் வந்த பெயர் உன்னுடையது. நீதானே அண்ணி செத்ததிலிருந்து ஐந்து வருஷமாகச் சும்மா கிடக்கிறாய், ஞானஸ்நானமும் வாங்கிவிட்டாய். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, போதகருக்கும் திருப்தி. உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான், காலில் விழுகிறேன். உனக்கு மூன்று பல்தான் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை.

முந்தாநாள் மண்மேல் சத்தியம் பண்ணி விலக்கும் ஆகிவிட்டது. விலக்கின பெண்டாட்டி வீட்டில் படுக்கக் கூடாதாம். காட்டில் மரத்துமேல் இருக்கிற காவல் குடிலில் கிடக்கிறேன். தில்மே கருவாட்டுக் குழம்பை மரத்தடியில் வைத்துவிட்டு, "ஏய் குரங்கே, சோறு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். சிரிக்காதே. அத்தைக்கு எஸ்தர் முகத்தைப் பார்க்க வேண்டும், அது உன் கையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வா.

உன் கிணற்றில் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும், உன் பன்றிகள் பெருகட்டும். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு, மரத்துமேல் குடியிருக்கும் உன் தம்பி,
தோஜிங்

பி.கு.: மடித்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். மாப்பிள்ளையாக வர வேண்டாம், அண்ணா. நேற்று போதகர் நாள் குறிக்க வந்தார். அத்தை, "அங்க எங்க வீட்டுக்காரரும் இருப்பாரா?" என்று கேட்டாள். மாமா முங்காமல் செத்தவர், அங்கே இருக்க மாட்டார் என்று போதகர் உள்ளதைச் சொன்னார். அத்தை சொன்னாள்: "அப்ப நான் வரல. அவளப் பாத்துக்க உங்க யேசு இருக்காரு. எங்க வீட்டு மனுஷன் தானா ஒரு வாய் சோறு போட்டுத் தின்னதில்ல. எட்டு வருஷமா யாரு போட்டிருப்பா?" இன்று விடியும்போது போய்விட்டாள். விலக்கினவன் கொள்ளி வைக்கக் கூடாதென்று பெரியவர்கள் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டார்கள். பதிலுக்குத் தருவதாக நான் வாக்குக் கொடுத்த ஆள் நீதானாம், கொள்ளியும் நீதான் வைக்க வேண்டுமாம். எரிக்கும்போது பழைய முறைப்படி வெட்ட ஒரு காளை பிடித்துக்கொண்டு வா. உன்னைச் சபையிலிருந்து தள்ளிவைப்பார்கள், தெரியும். ஆனாலும் வா.

தில்மே அழுத கண்ணோடு போதகர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் அவள் முங்குகிறாளாம், எஸ்தருக்கு அக்காவாவது வேண்டுமாம். அத்தையும் மாமாவும் அந்தப் பக்கம், தில்மேயும் எஸ்தரும் இந்தப் பக்கம். எனக்கு எந்தப் பக்கமென்று இன்னும் ஒருத்தரும் கேட்கவில்லை, அண்ணா.