பதினோராம் கட்டில் போத்தல்

ஏழாம் வார்டு, பதினோராம் கட்டில்,
பினாங்கு.
19.8.1987, புதன்கிழமை

மதிப்பும் பாசமும் நிறைந்த பிச்சைமுத்து மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை தனலெட்சுமியின் கணவனும், துறைமுகக் கிடங்கில் இருபத்தாறு வருடம் மூட்டை எண்ணிய கிராணியுமான திருநாவுக்கரசு, எழுந்து நிற்க முடியாததால் படுத்தபடியே வணங்கி எழுதிக்கொள்வது. நிபோங் திபாலில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமா? இங்கே நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகும். தங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதினால் அதுவும் முழு உண்மையாகாது. நான் இப்படிக் கிடப்பதற்குத் தாங்கள்தான் காரணமோ என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது. கோபமில்லை மச்சான், சந்தேகம் மட்டும்தான்.

சென்ற மாதம் உங்கள் மகள் வளைகாப்பில் நான் நொண்டி நடந்ததைப் பார்த்து, சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், பிஸ்கட் டின்னில் இருந்து கறுப்பு உருண்டைகளை எடுத்துக் கையில் திணித்தீர்களே, நினைவிருக்கும். “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூட்டுவலி பறந்துரும் மாப்பிள்ளை. நான் தினம் முழுங்குறேன், பாருங்க லா” என்று வேட்டியை மடித்துக்கட்டி மூன்று தடவை உட்கார்ந்து எழுந்து காட்டினீர்கள். தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னதும் தாங்களே. உருண்டையைக் குறை சொல்ல மாட்டேன். நாலே நாளில் வலி போய்விட்டது. ஒன்று இவ்வளவு வேலை செய்தால் இரண்டு எவ்வளவு செய்யும் என்று வேளைக்கு இரண்டாக ஏற்றியது என் யோசனை. அப்புறம் ஆயர் ஈத்தாம் பாசாரில் வாங்கித் தின்ற ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் பேதி, மூன்றாம் நாள் கால் வீக்கம், முகம் வீக்கம். “ஏங்க, கொஞ்சம் சதை போட்டிருக்கீங்க” என்று தனலெட்சுமி சந்தோஷப்பட்டாள். நாலாம் நாள் சிறுநீர் நின்றேவிட்டது. பக்கத்து பிளாட்காரர் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து இங்கே சேர்த்தார்கள்.

இந்த வார்டில் டாக்டர் சலேஹா என்று ஒரு மலாய்ப் பெண் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் யாருக்குத் திடீரென்று கிட்னி நிற்கிறது, எதனால் நிற்கிறது, நின்றது எத்தனை நாளில் திரும்புகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். வந்த அன்றே ஒரு சம்மதப் பாரத்தை நீட்டி, சிரித்தபடி கையெழுத்துக் கேட்டார். சிரித்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பவர்களை நான் துறைமுகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். சரக்கை எண்ணாமல் கையெழுத்துப் போடுவது என் பரம்பரையிலேயே கிடையாது. “இந்தத் தேதியில் இரண்டு கிட்னி, வெளிப்பார்வைக்குச் சேதமில்லாத நிலையில், பெற்றுக்கொண்டேன் என்று நீங்கள் முதலில் ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள், அப்புறம் நான் போடுகிறேன்” என்று சொன்னேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “அங்கிள், நான் எதையும் எடுக்க மாட்டேன். ரத்தமும் சிறுநீரும் மட்டும்தான்.” பார்த்தீர்களா, எடுக்க மாட்டேன் என்ற வாயாலேயே இரண்டு சாமான்! தனலெட்சுமி முறைத்த முறைப்பில் போட்டுக் கொடுத்தேன்.

அன்றோடு என் பெயர் போய் நம்பர் இருபத்து மூன்று ஆகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த இருபத்திரண்டு பேர் எங்கே என்று விசாரித்தேன். “வீட்டுக்குப் போயிட்டாங்க, அங்கிள்” என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் என் நம்பர் ஒட்டிய ஒரு பெரிய போத்தல். ஒரு சொட்டு வந்தாலும் அதில்தான் விட வேண்டும். தினமும் நர்ஸ் மிஸ்ஸி காமாரியா வந்து அதைத் தூக்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, அளந்து, கால்மாட்டில் தொங்கும் தாளில் எழுதுவார். திங்கட்கிழமை என் வரவு நூற்று இருபது மில்லி. ஒரு கோப்பித் தம்ளர்கூட நிறையாது. “நானூறாவது வரணும் அங்கிள். வராமல் ரத்தத்தில் அழுக்கும் ஏறிச்சுன்னா, வெள்ளிக்கிழமை மெஷின் வெச்சு ரத்தத்தைக் கழுவுவோம்” என்றார் டாக்டர். உடம்பில் உள்ள ரத்தம் பூராவும் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருமாம். போன ரத்தமே திரும்பி வரும் என்பதற்கு என்ன சாட்சி? வேறு யாருடையதாவது மாறி வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

இங்கேதான் மச்சான், என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. கிடங்கில் நூறு மூட்டைக்கு நாலு குறைந்தால் பக்கத்துக் குவியலில் இருந்து நாலை நகர்த்தி வைத்து நூறு என்று எழுதிவிட்டு, அந்த நாலை அப்புறம் தேடுவோம். எனக்குப் பக்கத்துக் குவியல் பத்தாம் கட்டில் முகம்மது சுல்தான். பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கயிறு பிடிப்பவர். சீனி வியாதிக்காரர், மணிக்கு ஒரு தடவை எழுந்து போவார். வார்டில் அவரைப்போல் வருமானம் உள்ளவர் வேறு யாரும் இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “இதுக்கு ஏண்ணே தயங்குறீங்க? எனக்கு வேணாத சரக்குதானே. கொத்தோங் ரோயோங்குன்னு ரேடியோவுல கத்துறான்ல, ஊரு கூடி உதவணும்னு, அது இதான் லா” என்று அப்போதே எழுந்துவிட்டார். தாராள மனசு மச்சான், கொஞ்சம் அதிகமாகவே தாராளம். மறுநாள் என் போத்தலில் இரண்டாயிரத்து முந்நூறு! மிஸ்ஸி இரண்டு தடவை அளந்தார். டாக்டர் சலேஹா என் கையைப் பிடித்துக் குலுக்கி, வெள்ளிக்கிழமை மெஷினைத் தள்ளிப் போட்டுவிட்டார்.

ஆனால் அதே சாயங்காலம் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. “அங்கிள், வெளியே இவ்வளவு போகுது. ஆனா ரத்தத்தில் அழுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. எப்படி?” நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். “இன்னொண்ணு. உங்க ரத்தத்தில் சீனி சரியா இருக்கு. சிறுநீரில் மட்டும் சீனி கொட்டுது. இருபத்திரண்டு பேரில் ஒருத்தருக்கும் இப்படி இல்லை!” சுல்தான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். இன்று காலை பெரிய டாக்டரும் படிக்கிற பிள்ளைகள் எட்டுப் பேரும் வந்து, பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி போத்தலைச் சுற்றி நின்றார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்றாம் முறையாக அதே கேள்வியைக் கேட்டார்: “ஊர் மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா? வேர், தூள், உருண்டை?” உருண்டை! அந்தச் சொல் அவர் வாயில் எப்படி வந்தது? தாங்களும் நானும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். ஒன்றும் இல்லை என்றேன். “யார் கொடுத்ததுன்னு எனக்கு வேண்டாம் அங்கிள். என்னன்னு தெரிஞ்சா போதும். அதை நிறுத்தினா கிட்னி திரும்பி வரலாம். இல்லேன்னா வராமலே போகலாம்.” யார் என்று வேண்டாம் என்பவர்தான் கடைசியில் யார் என்று கண்டுபிடிப்பார், போலீஸ் மாத்தா விசாரணை எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். மைத்துனனைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். மறுபடியும் ஒன்றும் இல்லை என்றேன்.

உடம்பு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. நேற்றிலிருந்து ஓயாத விக்கல், சோறு இரும்பு மாதிரி ருசிக்கிறது. யாரோ நினைக்கிறார்கள் என்கிறாள் தனலெட்சுமி. இத்தனை விடாமல் நினைக்கக் கூடியவர் தாங்களாகத்தான் இருக்க முடியும், என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல வேளையாக உங்கள் உருண்டை தலையணை உறைக்குள் இன்னும் ஒன்பது இருக்கிறது, அதை மட்டும் வேளை தவறாமல் முழுங்கிக்கொண்டு வருகிறேன்.

ஆகவே இக்கடிதம் கண்டதும் தாங்கள் செய்ய வேண்டியது: பிஸ்கட் டின்னை அப்படியே கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிடவும். யாராவது வந்து கேட்டால், உருண்டை என்றால் தீபாவளிக்குச் செய்கிற எள்ளுருண்டை மட்டும்தான் தெரியும் என்று சொல்லவும். என்னைப் பார்க்க இந்தப் பக்கம் வர வேண்டாம். படித்ததும் கிழித்துவிடவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு விக்கலுக்கு விக்கல் என் ஆசிகள், வளைகாப்பு முடிந்த பிள்ளைக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

இப்படிக்கு,
சந்தேகத்தோடும் அன்போடும்,
திருநாவுக்கரசு

பி.கு. மச்சான், மேலே எழுதியதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். உறை இல்லாததால் கடிதத்தை மடித்துத் தனலெட்சுமியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். கட்டில் ஓரத்திலேயே நின்று படித்துவிட்டாள். என் தலையை ஒரு கையால் தூக்கி, தலையணையை உருவி, வார்டு நடுவில் உதறினாள். அப்புறம், “ஐயோ, எங்கண்ணனும் தினம் முழுங்குதே!” என்று கத்தினாள். முதல் அழுகை எனக்காக இல்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டாக்டர் சலேஹா ஓடி வந்தார். சுல்தான் தானாகவே எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டாக்டர் தாளில் எழுதியிருந்த இரண்டாயிரத்து முந்நூறைக் கோடு போட்டு அடித்தார். என் சொந்தச் சரக்கு தொண்ணூறுதான். திட்டுவார் என்று பார்த்தேன். தரையில் சிதறிய உருண்டைகளைப் பொறுக்கி எண்ணி, ஒரு துண்டுத் தாளில் “உருண்டை ஒன்பது, பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். இருபத்திரண்டில் மூன்று பேர் இப்படித்தான் உருண்டை முழுங்கிவிட்டு வந்தார்களாம், அதனால்தான் கேட்டாராம். அந்த மூவரில் ஒருவர் இன்று மதியம் ஒரு கூடை ரம்புத்தானோடு டாக்டரைப் பார்க்க வந்திருந்தார். நடந்துதான் வந்தார், நான் காலைப் பார்த்தேன். எனக்கு நாளைக் காலையில் மெஷின். பயமாகத்தான் இருக்கிறது.

டின்னை ஆற்றில் போடாதீர்கள் மச்சான். உருண்டையில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க டாக்டருக்கு அது வேண்டும், அதோடு நீங்களும் வேண்டும். இருபத்து நாலு என்று ஒரு லேபிளை எழுதித் தயாராக வைத்துவிட்டார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இப்போது உங்கள் எதிரில் நின்று, நீங்கள் படித்து முடிப்பதற்காகக் காத்திருப்பவள் உங்கள் தங்கை. அவள் கையில் இருப்பது அந்த லேபிள் ஒட்டிய காலிப் போத்தல். வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், எவ்வளவு வருகிறதோ வரட்டும். உங்களுடையது மட்டும்.