எனக்குப் பதிலாக அப்பா வேலைக்குப் போன நாள்

மன உறுதியைப் பற்றி என் வயதுக்காரர்கள் அளவுக்கு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அது எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஒரு முறுக்கு முதலாளியால் அழுதவள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் எனக்கு வேலை. பூக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி, மொத்தமே எட்டுப் பேர். ஆறு மாத ப்ரொபேஷன் முடிய நான்கே நாள் பாக்கி. வெள்ளிக்கிழமை எங்கள் மேலாளர் கவிதா கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் கிள்ளானில் எங்கள் வீட்டு சோபா நிரந்தரம்.

அந்த நேரம் பார்த்து, முறுக்குப் பொட்டலத்துக்காக நான் மூன்று வாரம் இழைத்து இழைத்து வரைந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் கஸ்டமரான முறுக்கு முதலாளி ஃபோனில் கேட்டார்: "இது முறுக்கா, கொசுவத்தியா மா?"

(வெள்ளைப் பின்னணியில் ஒற்றைச் சுருள் கோடு. மினிமலிசம். மனிதருக்குப் புரியவில்லை.)

கழிப்பறைக்குப் போய் இருபது நிமிடம் அழுதேன். பிறகு வெளியே வந்து மனநல விடுப்புக்கு விண்ணப்பித்தேன். அப்படி ஒரு விடுப்பு வேண்டும் என்று பன்னிரண்டு பக்கத்துக்கு ஸ்லைடு போட்டு வாதாடியவளே நான்தான். அதை முதலில் எடுக்கும் பெருமையும் எனக்கே கிடைத்தது.

சாயங்காலம் வீட்டில் அறிவித்தேன். அப்பாவுக்குப் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் வேலை. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை. கண்டெய்னர் கதவில் விரல் நசுங்கிய அன்றைக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, இடது கையால் எழுதி ஷிப்டை முடித்தவர். (இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் விரல் இன்னும் கொஞ்சம் நசுங்கும்.)

"உடம்புக்கு என்னா?" என்றார்.

"உடம்புக்கு ஒன்னும் இல்லப்பா. மனசுக்கு லீவு."

"மனசு எங்க போயி பஞ்ச் கார்டு அடிக்குது?"

"உங்க காலம் வேறப்பா. நீங்கல்லாம் எல்லாத்தயும் உள்ளயே அமுக்கிட்டீங்க. நாங்க வெளிய சொல்றோம்."

"சொல்லு. யாரு வேணாங்குறா? வேலைய பாத்துக்கிட்டே சொல்லு."

அரை மணி நேரம் விளக்கினேன். அந்தப் பன்னிரண்டு ஸ்லைடையும் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, உனக்கு யாரு கந்தி?"

கந்தி (மகாத்மா அல்ல) என்றால் மலாயில் மாற்றாள். துறைமுகத்தில் ஒருவர் வராவிட்டால் அந்த ஷிப்டுக்கு இன்னொருவர் கந்தி வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் லோரிகள் எல்லாம் வரிசையில் நிற்கும். எங்கள் ஆபீசில் அப்படியெல்லாம் கிடையாது, என் நாற்காலி சும்மாதான் கிடக்கும் என்றேன். அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்பதரைக்கு எழுந்து, முகத்தில் பச்சைக் களிமண்ணைப் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அப்பாவின் மோட்டார் சைக்கிள் அங்கேயே நிற்கிறது.

"அப்பா வேலைக்குப் போகலயாம்மா?"

"போயிட்டாரே, டிரெயின்ல."

"போர்ட்டுக்கு டிரெயின்லயா?"

"போர்ட்டுக்கு லீவு சொல்லிட்டாரு. உன் ஆபீசுக்குக் கந்தி போயிருக்காரு." பாசாருக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார் என்பதுபோல் சொல்லிவிட்டு அம்மா துணி மடித்தார்.

எதிர் மேசை சரவணனுக்கு ஃபோன் போட்டேன். அவன் கிசுகிசுத்தான். "உன் இடத்துலதான் லா உக்காந்திருக்காரு. சேஃப்டி பூட்ஸோட. எட்டு மணிக்கே வந்து கதவுகிட்ட நின்னாராம்."

"கவிதாக்கா பாத்தாங்களா?"

"காப்பி குடுத்தாங்க."

"சரவணா, ஃபோன மட்டும் எடுக்க விட்டுடாத."

சரவணன் குரலை இன்னும் தணித்தான். "முறுக்கு அங்கிள்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்காரு. நாப்பது நிமிஷமா."

அப்படியே ஓடிப்போய் ரயில் ஏறினேன். கிள்ளானிலிருந்து, எங்கள் ஆபீசுக்குப் பக்கத்து ஸ்டேஷனான கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதிரே இருந்த ஆன்டி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தார். பூக்கடைக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. களிமண்ணைக் கழுவவே இல்லை.

மாடி ஏறினால், என் நாற்காலியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்டெய்னர் எண் எழுதும் அதே கொட்டை எழுத்தில் ஒரு தாளை நீட்டினார்.

"ரொம்ப நல்ல மனுஷன் மா. திட்டினாரு, திட்டினாரு, அப்புறம் களைச்சுப் போயிட்டாரு. சாப்டீங்களா பாஸ்னு கேட்டேன். அதுக்கப்புறம் ஒரே பேச்சு."

தாளில் இருந்தது: சிவப்பு கலர். தங்கக் கரை. முதலாளி குடும்பம் பதினோரு பேரும் போட்டோவில். நாய்.

"இதுக்கெல்லாம் சரின்னா சொன்னீங்க?"

"செஞ்சிடலாம் பாஸ்னு சொன்னேன். நாய மட்டும் நான்தான் சேக்கச் சொன்னேன். பாவம், அதுவும் அந்த வீட்டுலதான இருக்கு."

என் மூன்று வாரத்து மினிமலிசம் ஒரு நாயின் காலடியில் செத்துக் கிடந்தது. அதற்குள் கவிதா எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்பா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். வெள்ளிக்கிழம இவளுக்கு லெட்டர்னு தெரியும். எடம் காலியா இருந்தா வேற ஆள போட்டுருவீங்களோன்னு பயந்துதான் வந்தேன். நேத்துலேருந்து சோறு எறங்கல."

எம்.சி. எடுக்காத இருபத்தெட்டு வருடமும் இந்தப் பயம்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன். முகத்தில் களிமண் வேறு.

கவிதா அப்பாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அங்கிள், அந்தக் கஸ்டமர் வேணாம், போறேன்னு மூனு தடவ சொன்னவரு. இப்ப மிக்சர் பாக்கெட்டும் நம்மளயே செய்யச் சொல்லிட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மூஞ்சிய கழுவிட்டு, போய் நாய வரை."

வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தது. அந்தப் பொட்டலம் இன்று கிள்ளானில் பாதிக் கடைகளில் தொங்குகிறது. யார் வீட்டுக்குப் போனாலும் அதைப் பிரித்துத் தட்டில் கொட்டி, "நாய் உங்கப்பா ஐடியாவாமே?" என்று கேட்காமல் விடுவதில்லை.

எங்கள் விடுப்புப் படிவத்திலும் புதிதாக ஒரு கட்டம் வந்துவிட்டது: உங்கள் வேலையை யார் பார்ப்பார்? அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: பெற்றோரை அனுப்பக் கூடாது.

அப்பா அந்த வரியை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது, என் மனசு எப்படி இருக்கிறது என்று ஆசையோடு விசாரிக்கிறார்.