பதினேழுக்கு ஒரு பேர்

அன்று மோர்டனிலுள்ள வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: தலைப்பக்கத்தில், வெடிமருந்துத் தராசுக்கு முன்னால், அருள்நேசன். வலப்பக்கம், கூட்டுகிற தும்புத்தடியை மடியில் சாத்தியபடி மனைவி தவமலர். எதிரே, துப்பாக்கிக் கழகத் தோழர் நரசிம்மன். மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்துவைத்த கைபேசியில், தவமலரின் தம்பி துஷாந்தன். பிள்ளை பிறந்து ஐந்து கிழமையாக நித்திரையில்லாத மனுசன். திரையில் அவன் வீட்டு முகடு மட்டும்தான் தெரிந்தது.

அருள்நேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபத்திரண்டு காலிபர் வெற்றுத் தோட்டாக் கோதுகளின் கழுத்தை ஒடுக்கி, பதினேழு காலிபர் குண்டு பூட்டி, எந்தக் கடையிலும் கிடைக்காத தோட்டா ஒன்றை அவரே உருவாக்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சுட்ட ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் போய் விழுந்தன. சொந்தத் தோட்டாப் போட்டிக்கு விண்ணப்பம் இன்றைக்கே தபாலில் சேரவேண்டும். 'தோட்டாவின் பெயர்' என்ற கட்டம் மட்டும் வெறுமை. பேர் இல்லாவிட்டால் தள்ளுபடி. மணி நாலு. தபால் வான் நாலரைக்கு.

"அத்தான், அந்தப் பேர்..." என்றான் துஷாந்தன்.

"அதைத்தான் யோசிக்கிறம். பதினேழு அருள். எப்பிடி?"

"ஏன் பதினேழு?"

"முன்னுக்கு நம்பர் வரவேணும். அதுதான் முறை."

"ஒரு வருசமாச் சிந்தின மருந்தெல்லாம் கூட்டி அள்ளினது நான்," என்றாள் தவமலர். "என்ர பேர் எங்கை?"

"சரி. பதினேழு தவ அருள்."

"மடத்துச் சாமியார் மாதிரிக் கிடக்கு," என்றான் துஷாந்தன். "ஆயுளுக்கும் அந்தப் பேரோடை திரியிறதெல்லே? வெள்ளைக்காரற்ற வாயிலயும் நுழையவேணும்."

நியாயம்தான். 'த'வும் 'அரு'வும் கலந்து, நாகரிகத்துக்கு ஒரு 'ஷன்' ஒட்டி, தருஷன் ஆயிற்று.

நரசிம்மன் ஆங்கில எழுத்துக்களுக்கு எண் போட்டுக் கூட்டினார். "பதினேழோட சேர்த்தா நாப்பத்தொம்பது சார். கடைசியில நாலு. ராகு. நான் பக்கத்துலயே நிக்க மாட்டேன்."

"அப்ப பதினேழை எடுங்கோவன்," என்றாள் தவமலர்.

"ஏலாது. அது பிறவியோடை வந்தது," என்றார் அருள்நேசன்.

"நடுவுல ஒரு எச் கூடப் போடுங்க," என்றார் நரசிம்மன். "அம்பத்துநாலு. ஒம்பது. அமோகம்."

"தருஷ்ஷன்," என்று அருள்நேசன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மயிர்க்கூச்செறிந்தது.

"இதுதான் முடிவோ அத்தான்?"

"முடிவு தம்பி. எழுதியாச்சு."

"நடுவில ரெண்டு எச்?"

"ரெண்டு எச்."

கடித உறையை நக்கி ஒட்டி, கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு தெரு முடக்குவரை ஓடினார். தபால்காரர் சிவப்புப் பெட்டியைப் பூட்டப்போன நேரம் உறையை அவர் கையிலேயே திணித்தார். வான் புறப்பட்டது. அருள்நேசனுக்கு வானத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

சட்டைப் பையிலிருந்து துஷாந்தன் பேசினான்:

"அத்தான், மனுசி பிறப்புப் பதிவுக் கந்தோரில நிக்கிறாள். மகனுக்குத் தருஷ்ஷன் எண்டு பதிஞ்சு சேர்டிபிகேட்டும் குடுத்திட்டினம். முன்னுக்குப் பதினேழு மட்டும் போட ஏலாதாம்."