மங்கிய வெளிச்சமும் என் கட்டம் போட்ட கைக்குட்டையும்

கார்ஹிங், வியாழக்கிழமை

அன்பு மகள் பிரான்சிஸ்காவுக்கு அப்பா அலோய்ஸ் எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீயும், மாப்பிள்ளை யோர்னும், நான் இன்னும் முகம் பார்க்காத என் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று குழந்தையை ஏந்த வேண்டியவன் நான். உங்கள் பிரேமன் நகருக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

எங்கள் அணுச்சேர்க்கை ஆராய்ச்சி உலைக்குள் காந்தத்தால் கட்டி வைத்திருக்கும் பிளாஸ்மா என்ற கொதிவாயு ஓர் ஓட்டைப் பானை என்று உனக்கே தெரியும்; எவ்வளவு சூடேற்றினாலும் வெப்பமும் துகள்களும் விளிம்பு வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும், ஓர் அளவைத் தாண்டினால்தான் விளிம்பில் தானாக ஒரு தடுப்பு எழும்பி ஒழுக்கு சட்டென்று குறையும், அந்த நொடியில் விளிம்பு வெளிச்சம் மங்கும், அதைக் கண்டு சொல்வதுதான் முப்பது வருஷமாக என் கருவியின் வேலை. இன்று காலை, யாருமே நம்பாத குறைந்த சூட்டில் வெளிச்சம் மங்கிவிட்டது! கட்டுப்பாட்டு அறையில் ஒரே கூச்சல். மங்கலை முதலில் காட்டியவன் எல்லோருக்கும் வெள்ளைச் சாசேஜ் வாங்கித் தர வேண்டும், அதுவும் பகல் பன்னிரண்டு அடிப்பதற்குள், என்பது எங்கள் வழக்கம். நானும் பதினான்கு பேருக்கு வாங்கி வைத்துவிட்டு, கருவியை ஒரு தட்டு தட்டிக்கொடுக்கலாமே என்று போனால், விளக்கு வெளிச்சம் படாமலிருக்க நான் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த கைக்குட்டை, உலைக் காந்தத்தின் உதறலில் நழுவி, கருவியின் கண்ணாடி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மங்கியது பிளாஸ்மாவா, மறைத்தது என் கைக்குட்டையா? அங்கே அத்தனை பேரும் கடுகுச் சாந்தைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை, தலைவி ஹெல்லா வேறு, "லோய்ஸ், இன்னொண்ணு எடுத்துக்கோங்க, இன்னிக்கு நீங்கதான் ராஜா!" என்று உபசாரம் பண்ணுகிறாள்.

நாளைக் காலை அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். சொன்னால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் எந்த முகத்தோடு அந்தக் குழந்தையை ஏந்துவேன், நீயே சொல்.

பேத்தியின் தலைமேல் ஆண்டவர் கை எப்போதும் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அப்பா
அலோய்ஸ்

பி.கு.: வெள்ளி காலை. சொல்லிவிட்டேன். ஹெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன் லோய்ஸ், உங்க கைக்குட்டை வெளிச்சத்தை மறைக்கும், சரி. துகளை உள்ளே பிடிச்சு வைக்குமா?" என்று, உள்ளே இருக்கும் துகளை அளக்கும் லேசர் கருவி வரைந்த கோட்டைக் காட்டினாள். அதே நொடியில் உள்ளே துகளும் ஏறியிருக்கிறது, சூடும் ஏறியிருக்கிறது. ஆக, மங்கியது பிளாஸ்மாதான்; கைக்குட்டை அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறது. "போய் ரயிலைப் பிடிங்க, தாத்தா!" என்று துரத்திவிட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன். நீ இதைப் படித்து முடிக்கும்வரை குழந்தை என்னிடம் இருக்கட்டும்.